அரைக்கால்

கங்கைகொண்டான் சிப்காட், மூன்றாம் ஷிஃப்ட்.
சுவருக்குப் பூசும் பட்டி மாவு, மூட்டை இருபது கிலோ.
மஞ்சள் கை எடுக்கிறது, திரும்புகிறது, அடுக்குகிறது,
வெறுங்கையோடு பாய்ந்து வருகிறது
அடுத்த மூட்டைக்கு.
மூட்டை இன்னும் வரவில்லை.
ஒன்றே முக்கால் நொடி சும்மா நிற்கிறது.

மூன்று இரவாக
அந்த ஒன்றே முக்கால் நொடியைத்தான்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் மேலப்பாளையம் மினி பஸ்ஸும் இப்படித்தான்.
கேட் அடைத்திருப்பது
தூரத்திலேயே தெரியும்.
தெரிந்தும் பறக்கும்.
போய், பிரேக்கில் ஏறி நின்று,
நின்ற இடத்தில் உறுமும்.

பிரேக் பிடித்தால் வேகம் எங்கே போகும்?
இங்கே, கண்ட்ரோல் பேனல் தலையில்
கம்பிக்கூண்டுக்குள் ஒரு ரெசிஸ்டர்.
கை நிற்கும்போதெல்லாம் அது காய்கிறது.
கரண்டுக்குக் காசு கட்டி
கூரைத் தகரத்தைச் சூடாக்குகிறோம்.

ஆசீர் சாரிடம் சொன்னேன்.
"மெதுவாக்கினா டார்கெட்ட நீங்களா மேடம் தருவீய?"
அவர் கேட்டது நியாயம்.
டார்கெட் எழுதிய பலகை
அவர் மேசைக்கு நேர் எதிரே.

காகிதம் எடுத்தேன். தூரம் அதே, சுமை அதே.
நேரம் இரட்டித்தால்
மோட்டார் சுருளில் வீணாகும் சூடு
பாதி ஆகாது, கால் ஆகாது,
அரைக்கால் ஆகும்.
எட்டில் ஒன்றுக்கு நம்மிடம் ஒரு சொல் இருப்பது
அன்றைக்குத்தான் உறைத்தது.
இரட்டிக்க இடமில்லை;
ஒன்று புள்ளி ஒன்றை
ஒன்று புள்ளி எட்டாக நீட்டலாம்.
போகையில் கொஞ்சம், வருகையில் கொஞ்சம்.
சும்மா நின்ற நேரத்திலிருந்துதான் எடுக்கிறேன்,
யார் சோற்றிலிருந்தும் இல்லை.

இரவு இரண்டு பத்து. ஏற்றினேன்.
கை சொன்னபடி கேட்டது.
பிடிவிடும் நேரத்தை மாற்றத்தான் மறந்துபோனேன்.
பாதி வழியில், ஆகாயத்தில்,
பழைய நேரத்துக்குச் சரியாக
மூட்டையை விட்டது.

வெண்மை.
பேனல் வெண்மை, என் துப்பட்டா வெண்மை,
உச்சிமாகாளி அண்ணாச்சி மீசை வெண்மை.
"கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிச்சாச்சு"
என்றார். வாரியலை எடுத்தார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

நாலு மணிக்கு மறுபடி.
திரையில் குத்தாக ஏறிக் குத்தாக விழுந்த கோடு
இப்போது மெல்லக் கிளம்பி மெல்லத் தணிந்தது.
இரண்டு டிரைவையும் ஒரே பஸ்பாரில் சேர்த்தேன்:
ஒன்று இறங்கும்போது தருவதை
மற்றது ஏறும்போது வாங்கிக்கொள்ளட்டும்.
கைமாத்து. வட்டி இல்லை.

மணிக்கு அறுநூற்று ஐம்பத்து நாலு மூட்டை.
நேற்றும் அதே. முந்தாநாளும் அதே.
ஆசீர் சார் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார்.
மூன்றாம் தரம் மீட்டரைப் பார்த்தார்.
"சத்தமே இல்லியே, ஓடுதா?" என்றார்.

ஓடுகிறது.
வேலிக்கு அப்பால் புள்ளிமான் ஒன்று
ஷெட் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றது.
அதற்கும் சத்தம் குறைந்தது தெரிந்திருக்கலாம்;
தெரியாமலும் இருக்கலாம்.

உச்சிமாகாளி அண்ணாச்சி
ஏணி போட்டுப் பேனல் மேல் எட்டினார்.
கம்பிக்கூண்டின் மேல் புறங்கையை வைத்தார்,
பிள்ளைக்கு நெற்றி பார்ப்பதுபோல.
"காய்ச்ச விட்டிருச்சு மேடம்."

பிறகு, கூண்டின்மேல்
பதினொரு மாதமாக ராத்திரிதோறும் வைக்கும்
எவர்சில்வர் தூக்கை எடுத்துத் திறந்தார்.
தேங்காய்ப்பால் சொதி
மேலே ஏடு கட்டி உறைந்திருந்தது.

என் கணக்கில் இந்தத் தூக்கு இல்லை.

"சவம், ஆறுனாலும் ருசிதான்"
என்று மூடியில் எனக்கும் ஊற்றினார்.
குடித்தோம்.
கை திரும்பிக்கொண்டிருந்தது,
அவசரமில்லாமல்.