ஒன்பதாவது திருகாணி

பகாவ் கடைவீதி, இரவு பத்தரை.
கழற்றியது ஒன்பது திருகாணி,
மாட்டியது எட்டு.
மிச்சம் மைலோ டின் மூடியில்.

பட்டனை அழுத்தினேன்.
விளக்கில்லை, விசிறியில்லை,
ஒரு முனகல்கூட இல்லை.

வெளியே செம்பனை லோரியை உறுமவிட்டு
இன்பநாதன் நிற்கிறார்:
"தூசி தட்டத்தானே குடுத்தேன், தங்கச்சி?
காலையில நல்லாத்தானே இருந்துச்சு?"

மறுபடி திறந்தேன்.
பேட்டரியைப் பிடுங்கி
பட்டனை முப்பது எண்ணும்வரை அழுத்தி
ரேமைக் கழற்றிச் செருகி...

அட.
நகத்தகல நாடா ஒன்று
பூட்டாத வாயில்
பாதி உள்ளே, பாதி வெளியே,
கோபித்துக்கொண்டு வாசலில் நிற்கும்
மாப்பிள்ளை மாதிரி.

அழுத்திப் பூட்டினேன்.
விசிறி மூச்சிழுத்தது.

"எவ்வளவு?"
என் தப்புக்கு என்ன விலை சொல்ல?
"தூசிக்கு மட்டும் இருபது வெள்ளிண்ணே."

லோரி முனை திரும்பும்வரை
உள்ளங்கையை விரிக்கவில்லை.