சர்வர் டவுன்

செக்காலை ரோட்டில் என் கடை.
ஜெராக்ஸ் பக்கம் இரண்டு ரூபாய்,
லேமினேஷன் முப்பது,
பாஸ்போர்ட் விண்ணப்பம் நூற்றைம்பது.
யார் எங்கே போகிறார்கள் என்பது
பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

போன ஆடியில் வந்தான் சேவுகன்.
புதுவயல், ரைஸ் மில் பக்கம்.
பாலிடெக்னிக்கில் இரண்டு அரியர்.
அப்பா பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான்:
பலனியப்பன்.
'ழ எங்கடா போச்சு?'
'அது எனக்கு எப்பவும் வராதுக்கா.'
நான் திருத்தி அடித்தேன்.
பாங்காக்கில் டேட்டா என்ட்ரி,
மாதம் எழுபதாயிரம், தங்க இடம், சாப்பாடு.
ஏஜென்ட் நம்பர் மூன்று ஏழில் முடிந்தது.
ராசியான நம்பர் என்றேன்.
நான்தான் சொன்னேன், வேறு யாருமில்லை.
நாற்பது ரூபாய் பாக்கி வைத்தான்.
'முதல் சம்பளத்தில் ஜிபே பண்றேன்க்கா.'

ஐப்பசியிலிருந்து அவன் அம்மா இந்திராணி வருகிறாள்.
கல்யாண மண்டபங்களில் அண்டா தேய்க்கிறவள்.
ரேகை தேய்ந்த விரலை மெஷின் ஏற்க மறுக்கும்;
துடைத்து வைப்பாள், எண்ணெய் தடவி வைப்பாள்,
கடைசியில் என்னைப் பார்ப்பாள்.
மனுவுக்கு நான் காசு வாங்குவதில்லை.
அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

மார்கழியில் ஒரு ராத்திரி, இரண்டே கால் மணி,
கடை வாட்ஸ்அப்பில் ஒருத்தி.
பெயர் ரியா. சிங்கப்பூராம்.
நாய்க்குட்டியைக் கட்டிக்கொண்ட படம்.
'வணக்கம் மேடம். சின்ன முதலீடு போதும்.
உங்கள் வால்க்கை மாறும்.'

வால்க்கை.

எழுந்து உட்கார்ந்தேன்.
ழ வராத பிள்ளைகள் ஊரில் ஆயிரம் உண்டு.
இருந்தாலும் விடியும்வரை
அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்திருந்தேன்.
பெண்பிள்ளையிடம் நேர்நின்று பேசத் தெரியாதவனை
யாரோ ரியாவாக்கி உட்காரவைத்திருக்கிறார்கள்.
பின்னால் ஒருவன் நிற்பான்.
இன்றைக்கு எத்தனை பேர் என்று கேட்பான்.
என் நம்பர் அவர்கள் பட்டியலில் இருந்ததா,
இவனாகத் தேடி அனுப்பினானா?

ஸ்டேஷனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டார்கள்.
'பிளாக் பண்ணிருங்க' என்றார்கள்.
பண்ணவில்லை.

தை பிறந்து பத்தாம் நாள்
அடைக்கலராஜ் வந்தான். கண்டனூர்.
வயது பத்தொன்பது, புதுச் செருப்பு,
கையில் அதே மூன்று ஏழு.
புத்தி சொன்னால் கேட்கிற வயதில்லை;
சொல்கிற யோக்கியதை எனக்கும் இல்லை.
'சர்வர் டவுன்' என்றேன்.

மறுநாளும் டவுன்.
மூன்றாம் நாள் எதிர்க்கடைக்குப் போவான்.
எதிர்க்கடை மீரான் பாயோடு
போர்டு மறைத்த தகராறில்
மூன்று வருஷமாகப் பேச்சில்லை.
ரோட்டைக் கடந்தேன். போனைக் காட்டினேன்.
நம்பரைப் பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார்.
'இதே ஆளுக்கு நான் ஆறு பேரைப் போட்டிருக்கேன்மா.'
சாயங்காலத்துக்குள்
கல்லுக்கட்டி வரை ஒன்பது கடையில் சர்வர் டவுன்.

'அதெப்படிக்கா ஊர் பூரா ஒரே நேரத்துல?'
அடைக்கலம் கத்தினான்.
போனை நீட்டினேன். 'சத்தமாப் படி.'
படித்தான். நிறுத்தினான்.
'வால்க்கை... ஸ்பெல்லிங் தப்புக்கா.'
'ஆமா.
அதை அடிச்சவன்
நீ நிக்கிற இடத்துலதான் நின்னான்.'

ஒன்றும் சொல்லாமல் போனான்.
துண்டுச் சீட்டு மேஜையில் கிடந்தது.
மறந்தானா, விட்டானா, தெரியாது.
நாளைக்கே மதுரைக்குப் பஸ் ஏறலாம்.
மதுரையில் எனக்கு யாரையும் தெரியாது.

ஷட்டரை இறக்குமுன்
ரியாவுக்கு அடித்தேன்:
'நாற்பது ரூபாய் பாக்கி இருக்கு.
ஜிபே வேண்டாம்.
நேரில் வந்து கொடு.'

ஒற்றை டிக்.