விலாசம்

செக்காலை ரோட்டில் எங்கள் கிளை, மாடியில்.
கீழே பேக்கரி. அதனால்
எல்லா விண்ணப்பத்திலும் பன் வாசனை.

பள்ளத்தூர் அழகுநாச்சி
கிரைண்டருக்கு எண்பதாயிரம் கேட்டு வந்திருக்கிறாள்.
மாவு விற்ற கணக்கு
தினக் காலண்டர் தாள்களின் முதுகில், பென்சிலில்,
ஒருநாள் விடாமல்.

விவரங்களை ஏற்றினேன். வட்டம் சுற்றியது.
நானூற்றுப் பன்னிரண்டு.
சிவப்பு.

"ஏம்மா?" என்கிறாள்.
எனக்குத் தெரியாது.
தலைமை அலுவலகத்துக்கும் தெரியாது; போன மாதம் கேட்டேன்,
"மாடல் அப்படிச் சொல்லுது மேடம்" என்றார்கள்
மழையைப் பற்றிச் சொல்வதுபோல.

ஊகிக்கலாம்.
ஒன்றரை வருடத்தில் மூன்று சிம், இரண்டு முகவரி.
ஓடி ஒளிகிறவர்களின் தடம் அது.
இவளும் ஓடித்தான் வந்தாள்,
கடனுக்குப் பயந்தல்ல.
கழுத்தோரத் தழும்பைப் பற்றி
படிவத்தில் கட்டம் இல்லை.

மறுக்க ஒரு பொத்தான் போதும்.
கொடுப்பதென்றால்தான் காரணம் எழுதவேண்டும்,
இருநூறு எழுத்துக்குள்.
காலாண்டுக்கு மூன்று முறை மீறலாம்.
ஒன்றை ஏற்கெனவே செலவழித்துவிட்டேன்,
இதே நாற்காலியில் அழுத ஒருவருக்காக.
அவர் இப்போது திருப்பூரில் எங்கேயோ.
அவருக்கும் சிவப்புதான் காட்டியது.
சரியாகத்தான் காட்டியது.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பர்மாப் பேரேடு.
பக்கத்துக்குப் பக்கம் விலாசம்,
மூன்றே எழுத்து.
முதலாளி கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும்
மேலாள் போட்ட கையெழுத்து
அவர் தலையில்தான் விடியும்.
அந்த மூன்றெழுத்து நெல்வயல்களை விழுங்கியிருக்கிறது.
நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை.
வயிறெரிந்தவனுக்கு
மண்ணை வாரித் தூற்ற
ஒரு வாசல் இருந்தது.

அழகுநாச்சி எந்த வாசலுக்குப் போவாள்?
நான் வெறும் பெட்டியடி.
எனக்கு மேலே ஒரு திரை,
திரைக்கு மேலே
எந்த ஊர் என்றே தெரியாத குளிர் அறை.

"மிஷின் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்"
என்று அவளே எழுந்துகொள்கிறாள்.
திட்டியிருந்தால் தேவலை.

"உட்காருங்க."

காரணம் என்ற கட்டத்தில்
அவள் சிம் மாற்றிய கதையை அடித்தேன்.
அழித்தேன்.
எவரெவரோ படிக்க அது என் கதையா?
கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

காலண்டர் தாள்களைப் பார்த்தேன்.
கொடுக்கிறேன்.
தவறினால் என்னைக் கேளுங்கள்.
பழ. சீதை.

இன்னும் நூற்றுச் சொச்சம் எழுத்துக்கு
இடம் இருந்தது.