முயலுக்கு எத்தனை கால்

கேமரா வாங்க நான்கு மாதம் யோசிப்பார்கள்.
லென்ஸ் விலையை வீட்டில் பாதியாகச் சொல்வார்கள்.
டிரைபாடுக்கு மட்டும்
கடை சாத்தும் நேரத்தில் வந்து நிற்பார்கள்:
"ஏதாவது ஒன்று கொடுங்கள், தோன் ஹெராக்லியோ,
நின்றால் போதும்."

நிற்பது என்ன லேசா?
இது புன்ட்டா அரீனாஸ்.
காற்று முற்றிய நாளில்
ஜனங்கள் பிடித்து நடக்கத்
தெருவில் கயிறு கட்டுகிற ஊர்.
பெட்டி மேல் "பத்து கிலோ தாங்கும்" என்று அச்சடித்தவன்
அந்தக் கயிற்றைப் பிடித்தவனில்லை.

மார்ச் மாதம் அந்த இருவர் வந்தார்கள்.
நிபால்தோ, லாரி ஓட்டுகிறவன்,
வழியெல்லாம் கான்டோர் கழுகுகளை வீடியோ எடுப்பவன்.
கிரிசெல்டா, பகலில் ரத்தப் பரிசோதனைக் கூடம்,
இரவில் நட்சத்திரம்.
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே உறை நிறையப் பணம்.

நீள லென்ஸை மாட்டி
எதிர்க் கடைப் பலகையைத் திரையில் பிடித்தேன்.
ஒரு காலை விரலால் சுண்டினேன்.
"ஆட்டம் நிற்கும்வரை எண்ணுங்கள்."
மலிவானது: ஏழு.
பழைய அலுமினியம், பிணக் கனம்: மூன்று.
கார்பன்: இரண்டு.
கார்பனின் விலையைச் சொன்னேன்.
அலுமினியத்தை மறுபடி எண்ணினார்கள்.

கையுறையைக் கழற்றாமல் பூட்டுகளைத் திறக்கச் சொன்னேன்.
அடியில் கொக்கி, பையைத் தொங்கவிட;
பையை ஊசலாட விடாதே, தரையைத் தொடட்டும்.
நடுத்தண்டைத் தூக்காதே.
தூக்கினால் நீ வாங்கியது மூன்று காலல்ல,
ஒற்றைக் கால்.

எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம் என்பார்கள்.
என் கடையில் முதலில் கால்.
ஆனாலும் சண்டை வந்தது தலைக்குத்தான்.

அவளுக்கு உருண்டைத் தலை:
ஒரு திருகைத் தளர்த்து, வானத்தில் எங்கும் திருப்பு, இறுக்கு.
இறுக்கிய பிறகும் மயிரிழை தொங்குகிறதா என்று
மூச்சைப் பிடித்துப் பார்த்தாள்.
பரிசோதனைக் கூடக் கண்.
அவனுக்கு எண்ணெய்த் தலை:
கைப்பிடியை ஒரு விரலால் தள்ளினான்.
தேனில் கரண்டி போல நகர்ந்தது.
அந்த விரலை அவன் எடுக்கவேயில்லை.

மிச்சப் பணத்தில் ஒரு தலைதான்.
அவரவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.
நான் போய்த் தேநீர் போட்டேன்.

திரும்பி வந்தபோது கிரிசெல்டா சொல்லிக்கொண்டிருந்தாள்:
"உன்னுடையது பூட்டினால் நிற்கும்.
என்னுடையது வழுக்காமல் நகராது.
கணக்கு உன் பக்கம்.
ஆனால் இனி என்னால்
நெட்டுக்குத்தாக ஒரு படம் எடுக்க முடியாது, தெரியுமா?"
அவனுக்குத் தெரியவில்லை.
எனக்குத் தெரியும். நான் பில் எழுதிக்கொண்டிருந்தேன்.

மே மாதம், ஈரச் சப்பாத்துகளோடு, இருவரும்.
முதலில் அவன் வீடியோ:
கழுகு இறக்கையை அசைக்காமல் மலையைத் தாண்டுகிறது,
சட்டகம் அதனோடு போகிறது,
ஒரு இடத்திலும் திக்கவில்லை.
கடைசியில் யாரோ தும்முகிறார்கள்.
"அது நான்," என்றாள்.
"காற்று வரும் பக்கம் சுவராக உட்காரச் சொன்னான்.
நாற்பது நிமிடம்."

அவள் படம்:
புல்லெல்லாம் புகையாய்க் கலைந்திருக்க
நட்சத்திரங்கள் ஊசி குத்தியதுபோல்.
கீழே இடது ஓரம், வெட்ட மறந்த
ஒரு குல்லாயின் குஞ்சம்.
அவனும் உட்கார்ந்திருக்கிறான்.

"டிரைபாடைத் தொட்டீர்களா?"
"தொடுவோமா? நாடி துடிப்பது படத்தில் வரும் என்றீர்களே."

நான் அப்படிச் சொன்னதாக நினைவில்லை.
நல்ல வாக்கியம். இனிச் சொல்லலாம்.

போகும்போது அவள் மட்டும் திரும்பினாள்.
"கேமராவை நிமிர்த்தி மாட்ட
எல் வடிவத்தில் ஒரு தகடு இருக்கிறதாமே,
மார்ச்சிலேயே இருந்ததா?"

இருந்தது.
கல்லாவுக்குப் பின்னால், மூன்றாம் தட்டில்.
பாதி விலைக்குக் கொடுத்தேன்.