மூன்று விரற்கடை

கதை எளிது.
வணிகன் மகன் வவீலா தந்தை சொல் தட்டினான்.
செப்புக் காசில் பாதரசம் தேய்த்து
வெள்ளியென்று தள்ளிவிட்டான்.
அந்தக் காசில் மோதிரம் வாங்கி மணம் முடித்தான்,
அந்தக் காசிலேயே மெழுகுவத்தி வாங்கி
இறையன்னை படத்துக்கு ஏற்றினான்.
திரி எரிந்தது, வெளிச்சம் வரவில்லை.
அப்புறம் வழக்கம்போல் சாத்தான்,
வழக்கம்போல் நோய்,
வழக்கம்போல் மடாலயம்.

வோலக்தா நகரில், சன்னலைப் பனி அடைத்த மாதத்தில்,
எழுத்தன் எரொஃபெய் இதைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறான்.
உலகம் படைக்கப்பட்டு
ஏழாயிரத்து நூற்று எழுபத்தோராம் ஆண்டு,
அவர்கள் கணக்கில்.
உறையாதிருக்க மையில் இரண்டு சொட்டுச் சாராயம்.
மூக்கு நுனியில் ஒரு துளி,
விழலாமா என்று யோசிக்கிறது.

நாற்பது தாளுக்கு மூன்று ரூபிள் கூலி.
தோல் வணிகன் நிகிஃபோர் முன்பணமாகவே தந்துவிட்டான்,
தாராளமாய், பை நிறைய,
செம்பு.

காலையில் சந்தைக்குப் போனான்.
மீன்காரி உலீதா காசைக் கடித்துப் பார்க்கவில்லை,
பார்க்கவே இல்லை.
'உருக்கிப் பார், கரண்டியாவது ஆகும்' என்றாள்.
அவளுக்குப் பின்னால்
விறைத்த மீன்கள் விறகுபோல் அடுக்கியிருந்தன.

சதுக்கத்தில் ஆணை வாசித்தவன் குரல் இன்னும் காதில்:
செம்பும் வெள்ளியும் ஒன்றே,
வேறென்று சொல்பவன் துரோகி.
அடுத்த மூச்சில் அதே குரல்:
வரி மட்டும் வெள்ளியில்.

போலந்தோடு போர், எட்டு வருஷமாய்.
படைவீரனுக்குச் செம்பு,
லாடம் அடித்தவனுக்குச் செம்பு,
ஓட்ஸ் விற்றவனுக்குச் செம்பு.
குதிரை ஒன்றுதான்
எதையும் வாங்கிக்கொள்ளாமல் செத்தது.

கடந்த கோடையில் மாஸ்கோவில்
ரொட்டி விலை கேட்டு
அரண்மனை வாசல்வரை நடந்தார்கள்.
ஆற்றுக்குள் விரட்டப்பட்டவர்களை எண்ண
எழுத்தர் யாரையும் அனுப்பவில்லை.
சேணம் வாங்கப் போன தம்பி குஸ்மா திரும்பவில்லை.
எரொஃபெய்க்கு அவ்வளவுதான் தெரியும்.

கள்ளக்காசு அடித்த தட்டானின் கையை வெட்டிக்
காசாலைச் சுவரிலேயே ஆணியடித்தார்கள்.
உள்ளே சம்மட்டி ஓயவில்லை.
அதே செம்பு, அதே அச்சு.
அன்று கொல்வதும் நின்று கொல்வதும்
அந்தச் சுவரில் ஒரே ஆணியில் தொங்கின.

கடைசித் தாள்.
மடாலயத் தலைவர் வவீலாவைக் கேட்கும் இடம்:
'மகனே, செம்பை வெள்ளியென்று சொல்லி
ஊரை ஏமாற்றியது யார்?'
'நான், பாவி.'
மூலத்தில் அப்படித்தான் இருக்கிறது,
சிவப்பு மையில்.

எரொஃபெய் கேள்வியை எழுதினான்.
இறகைத் தோய்த்தான்.
பைக்குள் முந்நூறு காசு, ஒன்றுகூட முனகவில்லை.
குஸ்மாவுக்கு ஒரு பழக்கம்:
சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வான்,
முன்பல் இல்லை.

பதிலுக்கு மூன்று விரற்கடை விட்டு
'ஆமென்' என்று முடித்தான்.

நிகிஃபோர் கவனித்தானோ, அட்டையின் தோலை மட்டும்
தடவிப் பார்த்தானோ, தெரியாது.
வேனிலில் செம்பு ஒழிந்தது.
நூறு செப்புக் காசுக்கு ஒரு வெள்ளிக் காசு.
முந்நூறுக்கு மூன்று.
மூன்றுக்கும் சேர்த்து உலீதா ஒரு மீன் தந்தாள்,
வால் உடைந்தது.

அறுபது ஆண்டு கழித்து, இன்னும் வடக்கே,
பழைய சடங்கை விடாத பெண்களின் மடத்தில்
ஃபெவ்ரோனியா அந்தப் படியைப் படியெடுத்தாள்.
ஓரெழுத்தை மாற்ற மறுத்து
உயிரோடு எரிந்தவர்களின் பேத்தி.
புள்ளி பிசகினால் நூறு முறை மண்டியிடுவாள்.

கேள்விக்கு வந்தாள். நின்றாள்.
விரலை வைத்து அளந்தாள்:
ஒன்று, இரண்டு, மூன்று.
அதே வெள்ளையை அப்படியே
படியெடுத்தாள்.

அவள் விரல்கள் அவனுடையதைவிட மெலிந்தவை.
வெற்றிடம் இம்மியளவு சுருங்கியது.