பூஜ்யம் புள்ளி மூன்று

ஓமலூரில் வாடகை அறை, கீழே ஜவ்வரிசிக் கிடங்கு.
பிளாஸ்டிக் நாற்காலி.
இடக்கையில் மடக்கிய குடை, அது கலெக்டிவ்.
வலக்கையில் பூரிக்கட்டை, அது சைக்ளிக்.
பாதத்தடியில் செருப்பிரண்டும் பெடல்.
எதிர்ச்சுவரில் சாக்பீஸ் வட்டங்கள் ஆறு.
மேல்வரிசை நடுவட்டத்தின் குறுக்கே ஒரு கோடு,
என் தொடுவானம்.

அங்கே தொடங்கு.
உயரமானியைத் தொட்டு அங்கேயே திரும்பு.
திசைகாட்டியைத் தொட்டு அங்கேயே திரும்பு.
எந்த வட்டத்திலும் கண் குந்தக் கூடாது.
குந்தினால் மற்ற ஐந்தும் களவு போகும்.

தாழ்ப்பாள் போட மறந்த ஒரு மாலை
எட்டிப் பார்த்தார் வீட்டுக்கார அடைக்கலமேரி.
"என்னம்மா இது?"
"கலெக்டிவுங்க..."
"கலெக்டருக்கா படிக்கறே! சொல்லவேயில்லை."
மறுநாள் தெருக்குழாயில்
வரிசை விலகி என் குடம் முதலில் நிறைந்தது.
நான் திருத்தவில்லை.

*

கமலாபுரத்தில் தரை விட்டதும்
திரைத்தொப்பியை நீட்டினார் ஜாஃபர் ஷெரீப்.
பயிற்றுநர். என்னைவிட மூன்று வயது இளையவர்.
தப்புச் செய்தால் திட்டமாட்டார்,
சூயிங்கம் மெல்வதை நிறுத்துவார்.

தொப்பிக்குள் உலகம் ஒரு பலகை அகலம்.
ஜன்னல் இல்லை. சேர்வராயன் இல்லை.
இத்தனை அடிக்குக் கீழே வராதே என்று
வரைபடத்தில் அச்சான ஓர் எண்ணுக்குள்
மலை முழுவதும் அடங்கியிருந்தது,
காப்பித் தோட்டம், சில்வர் ஓக், கொண்டை ஊசி வளைவு எல்லாம்.

வேகம் அறுபதுக்கு மேலேயே இருக்கட்டும்.
மெதுவாகப் போனால் இது
கயிறறுத்த கன்றுக்குட்டி.
அந்தரத்தில் நிற்பதற்கென்றே பிறந்த எந்திரம்
மேகத்துக்குள் மட்டும் நிற்கக் கூடாது.
அதனால்தான் காத்திருப்பு வளையம்.
ஒரு நிமிடம் திரும்பு, ஒரு நிமிடம் நேர்,
ஒரு நிமிடம் திரும்பு, ஒரு நிமிடம் நேர்.

மூன்றாம் சுற்றில் சூயிங்கம் நின்றது.
"தொப்பியைக் கழற்றுங்க."
கழற்றினேன்.
எதுவும் மாறவில்லை.
கண்ணாடி முழுக்க வெள்ளைக்கல் மாவு.
ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்திருந்தது மேகம்,
ரேடியோவில் யாரிடமும் சொல்லாமல்.

அப்போது காது பேசத் தொடங்கியது.
வலப்பக்கம் சாய்கிறோம், என்றது.
தோள் ஆமாம் போட்டது.
வயிறு சத்தியமே செய்தது.
இருபத்தேழு வருடமாக
சைக்கிளிலும் மாடிப்படியிலும் விழாமல் காத்த காது,
அதைப் பொய்யன் என்று எந்த வாயால் சொல்வது?
கோடு மட்டம், என்றது பலகை.
மட்டம். மட்டம்.
எந்திரம் நேராகத்தான் பறந்தது.
அதற்குள் நான்
இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அணுகல்.
கலெக்டிவ் தாழ, உயரமானியின் முள் நழுவி நழுவி
வரைபடம் சொன்ன கடைசி அடியைத் தொட்டது.
இதற்கப்பால் கண்ணால் கண்டால்தான்.
ஓடுபாதை விளக்கு தெரிகிறதா?
தெரிகிற மாதிரி இருந்தது.
விழுந்த ஹெலிகாப்டர்கள் பலவும்
அந்த 'மாதிரி'யில்தான் கிடக்கின்றன.

"மிஸ்ட் அப்ரோச்," என்றேன்.
குடையை, இல்லை, கலெக்டிவை உயர்த்தி
இடச்செருப்பை மிதித்தேன்.
பக்கத்து இருக்கையில் தாடை மறுபடி அசைந்தது.

இரண்டாம் முறை ஓடுபாதை
தானாக வந்து நின்றது, ஈரமாக.

*

லாக்புக்கில் இதுவரை காலியாய் இருந்த ஒரு பத்தி,
நிஜ மேகத்துக்கானது.
அதில் எழுதினேன், 0.3.
பதினெட்டு நிமிடம்.

"மேலேயிருந்து ஏற்காடு எப்படியிருந்துச்சு, கலெக்டரம்மா?"
"பார்க்கலைங்க."
"பார்க்காம வரவா அத்தனை தூரம் போனே?"

பதில் யோசிப்பதற்குள்
கிடங்குத் தகரத்தில் மழை விழுந்தது.
ஐயோ துணி, என்று மாடிக்கு ஓடினார்
அடைக்கலமேரி,
என் கலெக்டிவை விரித்துப் பிடித்தபடி.