திரும்பும் குழாயில் ஒரு கசிவு

பங்குனி நடுவில் வினிபெக்கில் பனி உருகும்போது
மாரி முழுக்க மறைந்திருந்ததெல்லாம் ஒன்றாய் வெளிவரும்:
ஒற்றைக் கையுறை, நாய்ப் பீ,
என் கார் சிந்திய எண்ணெய்.
ஒவ்வொரு பனியும் முந்தைய துளியை மூடிற்று.
அடுத்த துளி அதன்மேல் விழுந்தது.
இப்போது ஐந்து மாதமும்
ஒரு தோசைக்கல் அளவுக்குக் கறுத்துக் கிடக்கிறது
வாடகை வீட்டு வாசலில்.

வீட்டுக்காரர் படம் எடுத்து அனுப்பினார்.
சொல் ஒன்றும் எழுதவில்லை.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது எழும் தீய்ந்த வாசம்
எனக்கு முன்பே தெரியும்.
ஆனால் சயந்தன் சொன்னான்,
"அக்கா, வொஷர் நான் மாத்தினனான்."
இருநூற்று நாற்பது டொலர்.
தை தொடக்கம் நாங்கள் கதைப்பதில்லை.
அவன் மகனின் பிறந்தநாளுக்குச்
சட்டை தபாலில் போனது,
எட்டு நிமிடத் தூரத்துக்கு.

ஞாயிறு. பக்கத்து வீட்டு மாரிவிக்
முட்டுத் தாங்கிகள் இரண்டு தந்தாள்,
பிறகு போகாமல் நின்று டோர்ச்சும் பிடித்தாள்.
நான்கு மணிக்கு அவளுக்கு வேலை.
பெட்டி அட்டையை விரித்து முதுகால் சரிந்தேன்.
குளிர் என் முள்ளந்தண்டை ஒவ்வொன்றாய் எண்ணியது.

டர்போவுக்குப் போகும் எண்ணெய்க்குப் பம்பு உண்டு.
சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத குழாயில்
சீறிக்கொண்டு ஏறும்.
சூட்டைக் குடித்து, நுரைத்து, தளர்ந்தபின்
திரும்பி வர அதற்கு எவருமில்லை.
சரிவு மட்டும்.
அதனால்தான் திரும்பும் குழாய் பெருத்திருக்கிறது,
எங்கும் நெளியாமல் கீழே பார்த்தபடி.
இதை ஊர் திரும்புதல் என்று யாரும் வாசித்துவிட வேண்டாம்.
இது எண்ணெய். அடிக்கிண்ணத்துக்குத் திரும்புகிறது.

துடைத்தேன். கிளீனர் அடித்து மறுபடி துடைத்தேன்.
என்ஜினை ஓடவிட்டுக் குனிந்து பார்த்திருந்தோம்.
ஏழு நிமிடம் ஒன்றுமில்லை.
மாரிவிக் தன் முதலாளியின் பல்வலியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
பிறகு நட்டின் கீழ்விளிம்பில் ஓர் ஈரம்
கண் விழிப்பதுபோல்
திரண்டது.

ஆறவிட்டுச் சாவி போட்டேன். அசையவில்லை.
சாவியின் பிடியில் நீளக் குழாய் செருகிக்
காலால் உதைத்தேன்.
இரண்டு மொழியில் கடவுளைக் கூப்பிட்டோம்.
மிச்ச எண்ணெய் முழங்கை வழியே அக்குள்வரை ஓடிற்று.

வொஷர் புதிதுதான்.
செம்பின் சிவப்பு இன்னும் போகவில்லை, அவன் சொன்னபடியே.
கோபத்தை வைக்க இடமில்லாமல்
கொஞ்சநேரம் அப்படியே கிடந்தேன்.
சும்மா நகத்தால் அதன் இருக்கையைச் சுரண்டினேன்.
அங்கே இன்னொன்று.
கறுத்து, நசுங்கி, இரும்பின் நிறமே ஆகி,
கழற்ற வேண்டிய பொருள் என்றே தெரியாமல்.
அதன்மேல்தான் புதிதை வைத்து முறுக்கியிருக்கிறான்.

பொய் சொல்லவில்லை அவன்.
பழையதைக் கழற்றினாயா என்று
நானும் கேட்கவில்லை.

குத்தூசியால் நெம்பி எடுத்தேன்.
இப்போது ஒரே ஒரு வளையம், கொஞ்சம் எண்ணெய் தடவி.
டோர்க் சாவி 'டிக்' என்றது.
அதற்குமேல் ஆசைப்படவில்லை.

இரண்டு பழைய வளையங்களையும் உள்ளங்கையில் வைத்துப் படமெடுத்தேன்.
'பார்த்தாயா' என்று எழுதி அழித்தேன்.
'உன்ர பிழை' என்று எழுதி அழித்தேன்.
வெறும் படத்தை அனுப்பினேன், வீட்டுக்காரரைப் போலவே.
மாரிவிக் வேலைக்குப் போய்
வெகுநேரம் கழித்து வந்தது:
"ஐயோ. ரெண்டோ?"
பிறகு: "காசைத் திருப்பித் தரட்டோ?"
"சட்டை அளவோ?" என்று கேட்டேன்.
"கை நீளம்."

திங்கள் காலை ஐந்தரை.
புது அட்டையில் ஒரு துளி.
மண்டியிட்டேன். விரலில் ஒற்றி
மூக்கருகே கொண்டுபோனேன்.
மணமில்லை.
சக்கர வளைவில் ஒட்டியிருந்த பனி.
தண்ணீர்.